நாட்காட்டிக்குள் நிலப்படம் நுழைந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன் இளநிலை இயற்பியல் செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளராக அண்டை மாவட்டத்துக் கல்லூரி ஒன்றுக்குச் சென்றேன். என் கைப்பேசியின் முகப்புத் திரையில் நாட்காட்டி விட்ஜெட் ஒன்றை வைத்திருக்கிறேன். அன்றன்றைய வேலைகளை வரிவரியாகக் காட்டும் சிறு பலகை அது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் குண்டூசித் தலை போன்ற ஒரு குறி இருக்கும். அதைத் தொட்டால் அந்த வேலைக்குரிய இடம் நிலப்படத்தில் விரியும். பேருந்தை விட்டு இறங்கியதும் குறியைத் தொட்டேன், படத்தை ஆட்டோ ஓட்டுநரிடம் காட்டினேன், ஏறி அமர்ந்தேன்.

எட்டு கிலோமீட்டர் ஓடி ஆட்டோ நின்ற இடத்தில் சாரம் பிரிக்காத புதுக் கட்டடம் ஒன்று இருந்தது. கல்லூரியின் பெயர்ப்பலகை இருந்தது, கல்லூரிதான் இல்லை. "காலேஜ் இன்னும் இங்க வரலை சார். டவுனுக்குள்ள பழைய ஸ்கூல் பில்டிங்லதான் நடக்குது" என்றார் காவலாளி. நான் திரும்பிச் சேர்ந்தபோது 28 மாணவர்கள் 50 நிமிடமாகக் காத்திருந்தனர். முறுக்கு ஊசலை எடுத்திருந்த ஒரு மாணவி, கம்பியைத் தளர்த்துவதும் மறுபடி இறுக்குவதுமாக வியர்த்துப்போய் நின்றாள். தேர்வுக்கு முந்திய ஒரு மணி நேரத்தின் கனம் நாம் அனைவரும் அறிந்ததே.

பிழை என்னுடையது. அனுப்பப்பட்ட கடிதத்தில் 'தற்காலிக வளாகம்' என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். நாட்காட்டியில் இடத்துக்கான கட்டத்தில் நான் கல்லூரியின் பெயரை மட்டும் தட்டிவிட்டு நிறுத்தியிருந்தேன். ஆயினும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்தக் குண்டூசிக் குறியைத் தொட்டபோது உள்ளே என்னதான் நடந்தது? நாட்காட்டிக்கு அந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது என்று தெரியுமா? தெரியாது என்பதே விடை. தெரியாத ஒன்றை அது எவ்வாறு காட்டியது என்பதற்குப் பின்னால் அறுபது ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது.

முகவரியை எண்ணாக்கிய கணக்கு

கணிப்பொறிக்கு ஊரும் தெருவும் வெறும் எழுத்துக்கோவை. நிலப்படத்தில் ஒரு புள்ளியை வைக்க வேண்டுமானால் அதற்கு இரண்டு எண்கள் தேவை: அட்சரேகை ஒன்று, தீர்க்கரேகை ஒன்று. எழுத்திலிருந்து எண்ணுக்குப் போகும் இந்தப் பாலத்தை முதன்முதலில் பெரிய அளவில் கட்டியவர்களுள் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையினர் முக்கியமானவர்கள்.

1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரங்களுக்குப் படிவங்களை அஞ்சலில் அனுப்பித் திரும்பப் பெறுவது என்று அவர்கள் முடிவு செய்திருந்தனர். அஞ்சலில் வரும் படிவத்தில் கதவு எண்ணும் தெருப்பெயரும்தான் இருக்கும். அந்த வீடு நகரின் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதைக் கணிப்பொறியே கண்டறிய வேண்டும். 1967இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் ஒத்திகைக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. அதை ஒட்டி உருவானதே 'டைம்' என்னும் நிலப்படக் குறியீட்டு முறை. இதன் அடிப்படைக் கணிதத்தை வகுத்தவர் ஜேம்ஸ் கார்பெட். (புலி வேட்டைக்காரக் கார்பெட் அல்லர், இவர் கணிதர்.) இம்முறையில் தெரு முழுவதையும் ஒரே கோடாகக் கொள்வதில்லை. ஒரு சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடைப்பட்ட துண்டு ஒவ்வொன்றும் தனிப்பதிவு. அதன் இரு முனைகள் எவை, இடப்புறம் எந்தப் பகுதி, வலப்புறம் எந்தப் பகுதி, ஒவ்வொரு புறமும் கதவு எண்கள் எதிலிருந்து எதுவரை என்பன அதில் இருக்கும்.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு துண்டின் நீளம் 200 மீட்டர். அதன் ஒரு புறத்தில் 100 முதல் 198 வரை இரட்டைப்படைக் கதவு எண்கள். 150ஆம் எண் வீடு எங்கே? (150 − 100) ÷ 98 × 200, அதாவது தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 102ஆவது மீட்டரில். ஆய்வுக்கூடத்தில் அட்டவணையின் இரு மதிப்புகளுக்கு இடையே ஒரு மதிப்பைக் கணக்கிடுகிறோம் அல்லவா, அதே இடைச்செருகல் முறைதான். வீடுகள் சம அகலத்தில், எண்கள் ஒழுங்காக வளர்கின்றன என்னும் அனுமானத்தின்மேல் இது நிற்கிறது. அந்த வீட்டை யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. கணிப்பொறி தருவது ஓர் ஊகம், நல்ல ஊகம்.

அமெரிக்க நகரங்களின் சதுரங்கக் கட்டத் தெருக்களில் இந்த ஊகம் பெரும்பாலும் பலித்தது. நம் சென்னையில் 'புதிய எண் 14, பழைய எண் 37' என்று ஒரே வாசலுக்கு இரண்டு எண்கள் உண்டு. அவை ஒன்றையொன்று துரத்திக்கொண்டு எதிர்த்திசையில் ஓடுவதும் உண்டு. 'பிள்ளையார் கோயில் எதிரில்' என்று முடியும் முகவரிக்கு எந்த இடைச்செருகல் வாய்பாடும் இல்லை. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று நம் நாட்டில் அறிமுகமான ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் பெரிய உதவிதான். ஆனால் அது குறிப்பது அஞ்சல் வினியோகம் நடக்கும் ஒரு வட்டாரத்தை. கடிதத்தைத் தபால்காரரின் பையில் சேர்ப்பதோடு அதன் பணி முடிந்துவிடும். வாசலைக் கண்டுபிடிப்பது தபால்காரரின் நினைவாற்றல்.

நேரத்துக்கு இலக்கணம், இடத்துக்கு வெற்றுத்தாள்

நிலப்படம் இவ்வாறு எண்களை நோக்கிச் சென்றுகொண்டிருக்க, நாட்காட்டி வேறு வழியில் வளர்ந்தது. அலுவலகக் கணிப்பொறிகளில் நாட்குறிப்பு நிரல்கள் பெருகியபோது ஒன்றின் குறிப்பை மற்றொன்று படிக்க இயலாத நிலை ஏற்பட்டது. ஒரு நிறுவனத்தார் அனுப்பும் கூட்ட அழைப்பு, வேறு நிரல் வைத்திருக்கும் மற்றொரு நிறுவனத்தாரிடம் குப்பை எழுத்துகளாகப் போய்ச் சேரும். இதைத் தீர்க்க 1998ஆம் ஆண்டு நவம்பரில் 'ஐகேலண்டர்' என்னும் பொது வரையறை வெளியிடப்பட்டது. எழுதியவர்கள் லோட்டஸ் நிறுவனத்தின் ஃபிராங்க் டாசன், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் டெரிக் ஸ்டெனர்சன் ஆகிய இருவர். 2009இல் இது திருத்தி வெளியிடப்பட்டது. நாம் இன்று பெறும் கூட்ட அழைப்புகளும் தேர்வு நினைவூட்டல்களும் பெரும்பாலும் இந்த மொழியில்தான் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குப் பயணம் செய்கின்றன.

அந்த வரையறையைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நேரத்துக்கு அதில் கறாரான இலக்கணம் உண்டு. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஒவ்வொன்றும் எத்தனை இலக்கம், எந்த வரிசை, எந்த நேர மண்டலம், கோடைக்கால நேர மாற்றம் வந்தால் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக விதிகள். இடத்துக்கோ ஒரு வெற்றுக் கட்டம்! எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அங்கே தரப்பட்டிருக்கும் எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? 'கூட்ட அறை எஃப்123, கட்டடம் 002' என்பதைப் போன்ற ஒரு வரி. வகுத்தவர்களின் மனக்கண்ணில் இடம் என்பது ஒரே வளாகத்துக்குள் இருக்கும் ஓர் அறை. அறைக்கு நடந்து போக நிலப்படம் எதற்கு?

இருப்பினும் அவர்கள் முழுவதும் மறந்துவிடவில்லை. 'ஜியோ' என்ற பெயரில் இன்னொரு கட்டத்தையும் வைத்திருந்தனர். (நம் ஊர்த் தொலைபேசி நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, புவியைக் குறிக்கும் கிரேக்க வேர்ச்சொல் இது.) முதலில் அட்சரேகை, பிறகு தீர்க்கரேகை, பதின்மத்துக்குப் பின் ஆறு இலக்கங்கள் வரை எழுதலாம் என்று பரிந்துரை. ஒரு டிகிரி அட்சரேகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அதை 10,00,000ஆல் வகுத்தால் ஆறாவது இலக்கத்தின் மதிப்பு சுமார் 11 சென்டிமீட்டர் என்று வருகிறது. ஒரு மனிதர் நிற்கும் இடத்தைக் காலடி வரை சொல்லக்கூடிய கட்டம் அது! 1998இலேயே இருந்தது. ஆனால் எனக்கு வந்த அழைப்புகளை ஒருநாள் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தேன். அந்தக் கட்டத்தை யாரும் நிரப்பியிருக்கவில்லை. நிரப்புவதற்கு வேண்டிய எண்களை மனிதர் யாரும் மனத்தில் வைத்துக்கொண்டு திரிவதில்லை என்பதுதான் காரணம்.

சுழியாம் தீவு

எண்களை நமக்காக யாரேனும் கண்டறிந்து தர வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு வசதிகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது, 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா தன் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் பொதுமக்கள் அலையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. அதுவரை 100 மீட்டர் அளவுக்குத் தடுமாறிய இடக்கணிப்பு, சுமார் 10, 20 மீட்டருக்குள் வந்தது. (இயற்பியல் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். செயற்கைக்கோள் நமக்கு அனுப்புவது இடத்தையன்று; நேரத்தை. ஒளி ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் செல்கிறது. ஆகவே கடிகாரம் ஒரு மைக்ரோநொடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். நாட்காட்டிக்கும் நிலப்படத்துக்கும் உள்ள உறவு கைப்பேசிக்கு வருமுன்பே விண்ணில் தொடங்கிவிட்டது.)

இரண்டாவது, 2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகிள் தன் நிலப்படத்தை இணையத்தில் வெளியிட்டது. அதன் மூலநிரல், சிட்னியில் ராஸ்முசன் சகோதரர்களும் நண்பர்களும் நடத்திய சிறு நிறுவனத்திலிருந்து வந்தது. சில வாரங்களுக்குள் பால் ராடமாக்கர் என்னும் நிரலர், இணையத்தில் வந்த வாடகை வீட்டு விளம்பரங்களை எடுத்து அந்த நிலப்படத்தின்மேல் புள்ளிகளாக ஒட்டிக் காட்டினார். கூகிள் இதற்கு அனுமதியோ வழிமுறையோ தந்திருக்கவில்லை. அவரே நிரலை ஆராய்ந்து வழி கண்டுபிடித்தார். வெறும் பட்டியலாகக் கிடந்த சொற்கள் ஊர்ப்படத்தின்மேல் ஏறி அமர்ந்ததைப் பார்த்த பிறகு, பட்டியலாகக் கிடக்கும் வேறு எதையும் அப்படியே விட்டுவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. நாட்காட்டியும் ஒரு பட்டியல்தானே!

2008இல் ஆண்ட்ராய்டு கைப்பேசி விற்பனைக்கு வந்தது. அதன் அமைப்பில் ஓர் அழகான ஏற்பாடு இருந்தது. ஒரு செயலி மற்றொன்றைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டியதில்லை. 'இன்ன இடத்தைக் காட்டக் கூடியவர் யார்?' என்று பொதுவாக ஓர் ஓலையை எறிந்தால் போதும். காட்டத் தெரிந்த செயலி முன்வரும். கூகிள் நிலப்படமாகவும் இருக்கலாம். 2004இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்தும் செயலியாகவும் இருக்கலாம். ஓலை எறிபவருக்கு அந்தக் கவலை இல்லை.

அந்த ஓலையின் வாசகத்தில்தான் என் எட்டு கிலோமீட்டரின் இரகசியம் இருந்தது. இடத்தின் எண்கள் தெரிந்தால் 'ஜியோ' என்று எழுதி எண்களைத் தர வேண்டும். தெரியாவிட்டால் என்ன செய்வது? எண்களின் இடத்தில் 0,0 என்று போட்டுவிட்டு, ஒரு கேள்விக்குறி வைத்து, பின்னால் சொற்களை எழுதிவிடலாம். 'எனக்கு இடம் தெரியாது. இந்தச் சொற்களை வைத்து நீரே தேடிக்கொள்ளும்' என்பது அதன் பொருள். ஆண்ட்ராய்டின் திறந்தமூல நாட்காட்டி, இடக் கட்டத்தில் எது எழுதியிருந்தாலும் அதன் முழு வரியையும் இவ்வாறு 0,0 என்பதற்குப் பின்னால் ஒட்டி அனுப்பியது. 'மாமா வீடு' என்று எழுதியிருந்தாலும் அப்படியே போகும். நிலப்படச் செயலி மாமா வீட்டை உலகில் எங்கேனும் தேடிக் கண்டுபிடித்துவிடும்!

0,0 என்பது மெய்யாகவே பூமியில் உள்ள ஓர் இடம். நிலநடுக்கோடும், 1884இல் வாஷிங்டன் மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கிரீனிச் தீர்க்கரேகையும் அங்கே வெட்டிக்கொள்கின்றன. கானா நாட்டின் கடற்கரைக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீர் மட்டுமே. பல ஆண்டுகள் அங்கே வானிலை மிதவை ஒன்று நங்கூரமிட்டு நின்றது. எண் தெரியாமல் சுழி போட்ட தரவுகளெல்லாம் அங்கே போய் விழுவதால், நிலப்பட வல்லுநர்கள் இல்லாத ஒரு தீவைக் கற்பனை செய்து அதற்கு 'நல் ஐலண்ட்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டனர். நான் அதைச் சுழித்தீவு என்று சொல்லிக்கொள்வேன். 2010இல் 'ஜியோ' முகவரிக்குப் பன்னாட்டுப் பொது வரையறை வந்தபோது, கேள்விக்குறியும் தேடு சொல்லும் சேர்ந்த இந்த வழக்கம் அதில் இடம்பெறவில்லை. அது ஆண்ட்ராய்டின் வீட்டுப் பழக்கமாகவே தொடர்ந்தது.

ஆக, அன்று பேருந்து நிலையத்தில் நான் குறியைத் தொட்டபோது நாட்காட்டி அனுப்பியது கல்லூரியின் இருப்பிடத்தை அன்று, அதன் பெயரை. நிலப்படம் அந்தப் பெயருக்குத் தன்னிடம் இருந்த புள்ளியைக் காட்டியது. யாரோ ஓர் ஆர்வலர் புதுக் கட்டடத்தை முன்கூட்டியே குறித்து வைத்திருந்தார் போலும். தேடலில் கிடைத்த ஊகம் என்று அந்தக் குண்டூசி எங்கும் சொல்லவில்லை. 11 சென்டிமீட்டர் துல்லியத்தோடு நிற்பதுபோலவே அது நின்றது. நான் குறை சொல்வது இதைத்தான். அளவுகோலின் மிகச்சிறு அளவையும் பிழை எல்லையையும் எழுதாத அளவீட்டுக்கு நாங்கள் மதிப்பெண் தருவதில்லை.

பலகையில் ஒரு பொத்தான்

நாட்காட்டியைத் திறந்து, நிகழ்ச்சியைத் திறந்து, இடத்தின் பெயரைத் தொடுவது மூன்று படிகள். முகப்புத் திரையின் விட்ஜெட்டிலேயே நிலப்படப் பொத்தானை வைத்துவிட்டால் ஒரே படி. எளிய ஆசைதான். அதை நிறைவேற்றுவது எளிதாக இல்லை.

ஆண்ட்ராய்டில் யார் வேண்டுமானாலும் விட்ஜெட் செய்து முகப்புத் திரையில் வைக்கலாம் என்ற வசதி 2009ஆம் ஆண்டு ஏப்ரலில், 1.5 பதிப்பில் வந்தது. விட்ஜெட் என்பது பார்வைக்கு நாட்காட்டிச் செயலியின் ஒரு துண்டு போலத் தோன்றும். உண்மையில் அது முகப்புத் திரையை நடத்தும் வேறொரு செயலியின் வீட்டுச் சுவரில் மாட்டிய பலகை. நாட்காட்டி என்ன எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பும். சுவருக்கு உரியவர் எழுதி வைப்பார். பலகையைத் தொடும்போது நாட்காட்டி விழித்திருக்காது. ஆகவே அது முன்கூட்டியே தன் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைச் சுவர்க்காரரிடம் கொடுத்து வைக்கிறது: 'யாரேனும் இதைத் தொட்டால் என் பெயரால் இதைச் செய்க.'

பலகையில் இரண்டு மூன்று பொத்தான்கள் என்றால் இரண்டு மூன்று கடிதங்கள் போதும். 2011இல் 3.0 பதிப்பில் மேலும் கீழும் நகரும் நீண்ட பட்டியல் விட்ஜெட்டுகள் வந்தபோது சிக்கல் தோன்றியது. நூறு வரிகளுக்கு நூறு கடிதங்கள் எழுதி வைப்பது வீண் சுமை. எனவே முழுப் பட்டியலுக்கும் சேர்த்து ஒரே கடிதம். அதில் சில இடங்களை வெற்றாக விட்டு, ஒவ்வொரு வரியும் தொடப்படும்போது அந்த வெற்றிடம் நிரப்பப்படும் என்று விதித்தனர். ஆனால் வரியின் நடுவைத் தொட்டால் நாட்காட்டி திறக்க வேண்டும். ஓரத்துக் குண்டூசியைத் தொட்டால் நிலப்படம் திறக்க வேண்டும். ஒரே கடிதம் இரண்டு வேலைகளுக்கும் உதவ வேண்டுமானால் பெறுநரின் பெயரைக்கூட வெற்றாக விட வேண்டியிருந்தது.

கையெழுத்துப் போட்டு, பெயரும் தொகையும் எழுதாத காசோலையை யாரேனும் கொடுப்பார்களா? அது வேறு கைக்குப் போனால் என்னாகும் என்று கேட்பது நியாயம்தான். தீய செயலி ஒன்று அதில் தன் விருப்பத்தை நிரப்பிக்கொண்டு, நாட்காட்டிக்கு உரிய அனுமதிகளைத் தான் பயன்படுத்த வாய்ப்புண்டு. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12, கடிதத்தில் நிரப்ப இடமுண்டா இல்லையா என்பதை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும் என்றது. 2023இல் வந்த 14, நிரப்ப இடமும் விட்டுப் பெறுநரையும் குறிக்காத கடிதத்தை அதற்கென எழுதப்படும் செயலிகளுக்கு அடியோடு மறுத்தது. எனவே இப்போது குண்டூசியைத் தொட்டால் கடிதம் முதலில் நாட்காட்டியிடமே போகும்படி செய்கிறார்கள்; நாட்காட்டி கணப்பொழுது விழித்து, நிலப்படத்துக்கு ஓலை எழுதி அனுப்பிவிட்டு மறுபடி உறங்கிவிடுகிறது.

ஆப்பிள் கைப்பேசியின் முகப்புத் திரைக்கு விட்ஜெட் வந்தது 2020இல்தான். தொடக்கத்தில் அங்கே சின்னஞ்சிறு விட்ஜெட் முழுவதும் சேர்ந்து ஒரே பொத்தானாக இருந்தது. நடுத்தரமும் பெரியதுமான விட்ஜெட்டுகளில்தான் வெவ்வேறு பகுதிக்கு வெவ்வேறு இணைப்புத் தர முடிந்தது.

இவ்வளவு காவலும் கடிதத்துக்கு. கடிதத்துக்குள் இருக்கும் இடத்தின் பெயருக்கு இன்னும் காவல் ஒன்றும் இல்லை. நம் நாட்டு அஞ்சல் துறை 2025ஆம் ஆண்டு மே மாதம் 'டிஜிபின்' என்ற பத்து எழுத்தெண் குறியீட்டை வெளியிட்டது. நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து ஒரு குறியீட்டைக் கணக்கிட்டுத் தருவது அது. கோயில் எதிரில் இருந்தாலும் பழைய எண், புதிய எண் இரண்டும் இருந்தாலும் கட்டம் மாறாது. கல்லூரி கட்டடம் மாறினால் குறியீடும் மாறும் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அந்தக் கல்லூரிக்கே பின்னர் ஒருமுறை புறத்தேர்வாளராகப் போக நேர்ந்தது. முந்தின நாள் அங்குள்ள ஆய்வுக்கூட உதவியாளருக்குத் தொலைபேசி செய்து, ஆய்வுக்கூட வாசலில் நின்று தம் இருப்பிடத்தை அனுப்பச் சொன்னேன். வந்த இரண்டு எண்களை மட்டும் நாட்காட்டியின் இடக் கட்டத்தில் எழுதினேன். சொற்களுக்குப் பதிலாக எண்களையே தந்தால் நிலப்படச் செயலி தேடாமல் நேரே அந்தப் புள்ளிக்குப் போய்விடுகிறது. ஆசிரியர் அறையில் என் விட்ஜெட்டைப் பார்த்த நண்பர், "என்ன சார் இது, யாரோட போன் நம்பர்?" என்று கேட்டார். மறுநாள் ஆட்டோ ஆய்வுக்கூட வாசலில் நின்றபோது மணி 9.10. தேர்வு 10 மணிக்கு.